கல் வெடிக்கவில்லை

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிற ஃபேபியானைப் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டேன். அவனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கீழுதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், ஆளும் கட்டுமஸ்து. எப்படி விழுந்தான் என்று எனக்கே இன்னும் புரியவில்லை.

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு நாலு வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் ஊர்ச் சிநேகிதர்களுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது வழக்கம். முதல் வருஷம் பனியைப் பற்றி எழுதினேன். அடுத்த வருஷம் ரொட்டி. போன வருஷம் குப்பையைப் பிரித்துப் போடுகிற சட்டதிட்டம். "இன்னாடா, குப்பைய பத்திப் போயி இவ்ளோ எழுதிகீற" என்று மாரிகுப்பத்திலிருந்து ஒருத்தன் திட்டினான். சரி, இந்த வருஷம் ரத்தம். உட்கார்ந்து படியுங்கள்.

நான் இங்கே செய்வது பொருள் அறிவியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பெயர்தான் பெரிசு, வேலை உடைப்பது. பீங்கானைப் போலக் கெட்டியான ஒரு பொருளை விரல் நீள உருளையாகச் சுட்டு எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எப்போது உடைகிறது, எப்படி உடைகிறது என்று பார்க்கவேண்டும். அதை நான் கல் என்றுதான் சொல்வேன். இன்னும் அரை வருஷ வேலை பாக்கி இருக்கிறது. வேலை போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் விசா போகும், விசா போனால் நானும் என் மனைவி கலாவும் குழந்தையும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஒரே இழுப்பில் இவ்வளவும் ஆட்டம் கண்டுவிட்டது.

2

அடிதடி எனக்குப் புதுசு இல்லை. நந்திதுர்க் பக்கம், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன் நான். ரெண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டில் ஒருத்தர் பிள்ளையை அறைந்தால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். குழாயடியில் வரிசைச் சண்டை முற்றி என் அம்மா குடத்தாலேயே ஒருத்தி மண்டையைப் பிளந்திருக்கிறாள். அதே பொம்பளைதான் என் அக்கா கல்யாணத்துக்கு ராத்திரி பகலாக உட்கார்ந்து அதிரசம் சுட்டுக் கொடுத்தாள். மண்டையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவே இல்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே மாவு பிசைந்தாள்.

இன்ஜினியரிங் படித்ததெல்லாம் பெங்களூரில். பங்காருபேட்டை வழியாகப் போகிற காலை ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். சீட்டுக்குக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்போம். என் கர்ச்சீப்பை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தவனை ஒருநாள் மூக்கில் குத்தினேன். அவன் என் செருப்பில் ஒன்றைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசிவிட்டான். ஒற்றைச் செருப்போடு பரீட்சைக்குப் போனேன். மறுநாள் அவன் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தான். எங்கள் ஊரில் சண்டை என்பது இப்படித்தான் ஒரு பக்கம் ஆரம்பித்து இன்னொரு பக்கம் முடியும்.

எங்களைப் பூமியே அடித்திருக்கிறது. மைல் கணக்கில் ஆழமாகத் தோண்டிய தங்கச் சுரங்கம் எங்களுடையது. மேலே இருக்கிற பாறையின் பாரமெல்லாம் பக்கத்துச் சுவரில் இறங்கும். தாங்கும், தாங்கும், ஒரு நேரத்தில் தாங்காமல் பாறை வெடிக்கும். ஊரில் அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பெயர். கீழே வெடித்தால் மேலே வீட்டுச் சுவர் விரியும். சுரங்கத்தை மூடி, உள்ளே தண்ணீர் நிரம்பிய பிறகும் அது நின்றபாடில்லை. இப்போதும் ஏர்பிளாஸ்ட் அடித்தால் லைனே வெளியில் வந்து, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் இருக்கிற பக்கம் பார்க்கும். கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது. இருந்தாலும் பார்க்கும்.

அப்பாவின் தம்பி ஏர்பிளாஸ்டில்தான் செத்தார். அப்போது நான் கைக்குழந்தை. அப்பாவுக்கும் அன்றைக்கு அதே ஷிப்ட், கீழே அதே ஆழத்தில் அதே லெவல். குடித்திருக்கிற நாளில், "கையெட்ற தூரத்துலதான் இருந்தான்" என்பார். அதற்குமேல் வார்த்தை வராது, சோற்றுத் தட்டுதான் பறக்கும். நாங்கள் தட்டைப் பொறுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருப்போம்.

3

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கல்லின் உடம்பில் சின்னச் சின்ன உணர்கருவிகளை ஒட்டிவிடுவோம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'டிக்' என்று கேட்கும். பாரம் ஏற ஏற அது சடசடவென்று பொரியும். பிறகு டமால். துண்டுகள் பறந்து பாதுகாப்புக் கதவின் கெட்டிப் பிளாஸ்டிக்கில் தெறிக்கும். அந்தக் கதவு முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் கொத்தல்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கும்.

பிரச்சினை என்னவென்றால், சில சமயம் பொரிகிற சத்தம் திடீரென்று நின்றுவிடும். அப்புறம் என்ன ஆகும் என்று யாராலும் சொல்லமுடியாது. சில கல் நின்ற கொஞ்ச நேரத்தில் வெடிக்கும், சில கல் அப்படியே கிடக்கும். சுரங்கத்தில் கீழே போன ஆட்களும் பாறை சலசலத்துக்கொண்டே இருந்தால் வேலையைப் பார்ப்பார்கள், சட்டென்று நின்றால் வெளியே ஓடி வருவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் காரணம் தெரியாது. பாதி நேரம் சும்மாதான் ஓடியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடவேண்டும். கதவைத் திறந்தால் பாரம் தானாக இறங்கிவிடும்படி அதில் ஒரு ஸ்விட்ச் உண்டு. தொட்டதற்கெல்லாம் பாரம் இறங்கி அளவெல்லாம் கெட்டுப்போகிறது என்று, அந்த ஸ்விட்சில் ஒரு காந்தத்தை ஒட்டி ஏமாற்றி வைத்திருந்தோம். ஒட்டியது ஃபேபியான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது நான். எங்களுக்கு மேலே இருக்கிற பேராசிரியைக்குத் தெரியாது.

ஃபேபியான் கெட்டவன் இல்லை. நான் வந்த புதிதில் வீடு தேட என்னோடு தெருத் தெருவாக நடந்திருக்கிறான். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம். நான் ஏதாவது பேச ஆரம்பித்தால் போதும், உள்ளங்கையைக் காற்றில் கீழே அமுக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்பான். நான் கோபமாகவே பேசியிருக்கமாட்டேன். என் குரலே அப்படி. நாலு வருஷம் அந்த உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பல் கூசிப்போயிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில், சத்தம் நின்றால் கதவுப் பக்கம் யாரும் போகக்கூடாது, பாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். ஃபேபியான் சிரித்துக்கொண்டு, "நம்ம சுரங்கத்துக்காரருக்குப் பயம் வந்துடுச்சு" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பேராசிரியையும் லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. என் வீட்டில் ஒருத்தர் பாறைக்குக் கீழே நசுங்கிச் செத்திருக்கிறார் என்று காபி மேஜையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியுமா?

4

பதினோரு மணிவாக்கில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்து கல்லை இயந்திரத்தில் ஏற்றினோம். சத்தம் பொரிந்தது, கூடியது, கூடிக்கொண்டே போனது. திடீரென்று ஒன்றுமே இல்லை. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்.

"கம்பி கழண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஃபேபியான் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். காந்தம் ஒட்டியிருந்ததால் பாரம் இறங்கவில்லை. கல்லின் மேல் முழுப் பாரம் உட்கார்ந்திருக்கிறது, இவன் அதற்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகிறான்.

நான் கத்தினேன். "டேய், போவாதடா, வாடா இந்தாண்ட." தமிழில். ஜெர்மன், இங்கிலீஷ் ரெண்டும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. அவன் திரும்பாமலேயே உள்ளங்கையைப் பின்னால் நீட்டிக் கீழே அமுக்கினான். மெதுவா, மெதுவா.

பாய்ந்து பிடித்து இழுத்தேன். அவன் கையை ஊன்றி விழுந்தான், மணிக்கட்டு முறிந்தது அப்போதுதான். நான் அவன்மேல் விழுந்தேன். அதுவரைக்கும் சரி. அந்த இழுப்புக்கு நான் யாருக்கும் பதில் சொல்வேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். கீழே கிடந்தபடியே அவன் நல்ல கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினான். நிறுத்து என்று. நான் அந்தக் கையைத் தாண்டி அவன் வாயில் ஒரு குத்து விட்டேன். உதடு கிழிந்தது அதில்தான். அந்தக் குத்துக்கும் கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது காலையில் சிரித்ததற்கு.

ரெண்டு பேரும் இரைக்க இரைக்கக் கல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். வெடித்துவிடு, தாயே, வெடித்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். ஒரு ஆள்மேல் துண்டு பறக்கவேண்டும் என்று அதற்குமுன் நான் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை.

கல் வெடிக்கவில்லை.

5

பாரத்தை இறக்கி எடுத்துப் பார்த்தால் முழுசாக இருந்தது. உணர்கருவியின் கம்பிதான் கழன்றிருந்தது.

சாயங்காலத்துக்குள் ஆய்வுக்கூடக் கதவைத் திறக்கிற என் சாவி அட்டை வேலை செய்யாமல் போனது. ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். விசாரணை முடியும்வரை ஃபேபியானிடம் பேசக்கூடாது, அவன் இருக்கிற பக்கமே போகக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு. எல்லாம் மரியாதையான பாஷையில். எங்கள் ஊர் ஸ்டேஷனாக இருந்தால் ரெண்டு தட்டு தட்டி, ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்கள். இங்கே யாரும் குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெளிநாட்டார் அலுவலகத்தில் விசா நீட்டிப்புக்கு ஏற்கெனவே நாள் வாங்கியிருந்தேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அம்மாள் என் தாள்களைப் புரட்டி, "வேலையில் மாற்றம் ஏதாவது?" என்று கேட்டாள். "இன்னும் இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் 'இல்லை' என்றால் போதும், 'இன்னும்' எதற்கு வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஃபேபியான் கொடுத்த புகாரைப் படிக்கக் கொடுத்தார்கள். பின்னாலிருந்து இழுத்துத் தள்ளினான் என்று இருந்தது. உதடு தரையில் பட்டுக் கிழிந்தது என்று இருந்தது. குத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆய்வுக்கூடத்துக் கேமரா கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. விழுந்த அதிர்ச்சியில் அவனுக்கே தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் அந்தக் குத்து உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் அவனைக் காப்பாற்றப் போய் அவசரப்பட்டவன் என்று பெயர். திறந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

கலாவிடம் சொன்னேன். அவளும் நம்ம ஆண்டர்சன்பேட்டைப் பொண்ணுதான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இழுத்தீங்க சரி. குத்துனீங்களே, அது இன்னாத்துக்கு?"

"கோவம்."

"உங்க கோவத்துல நெருப்ப வெக்க. ஒரு நாளு அந்தக் கையி எம்மேலயும் வரும்."

"வந்ததில்லையே கலா."

"வரலதான். நான்தான் ஒவ்வொரு தபாவும் பாத்துக்கினே கீறேன், இன்னிக்கி வருமா வருமான்னு." சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆத்திரமும் வந்தது, கத்தினேன். நான் என்ன ரவுடியா, உனக்கு என்ன குறை வைத்தேன் என்று என்னென்னவோ. எங்கள் மகள் மீனுவுக்கு நாலு வயசு. இங்கே குழந்தைகள் பள்ளியில் ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள்: யாராவது அடிக்க வந்தால், பிடிக்காததைச் செய்தால், உள்ளங்கையை நீட்டி "ஸ்டாப்" என்று சொல்லவேண்டும். எதிரில் இருக்கிற குழந்தை அங்கேயே நிற்கவேண்டும். அதுதான் அங்கே சட்டம். மீனு பொம்மையைக் கீழே வைத்துவிட்டு வந்து, எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் நின்று உள்ளங்கையை நீட்டினாள். "ஸ்டாப், பாப்பா" என்றாள். பாப்பா என்றால் இங்கே அப்பா. அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் குட்டிக் கையைப் பார்த்ததும் நான் நின்றேன். ஃபேபியானும் இதே பள்ளிகளில் படித்து வளர்ந்தவன்தான். அவனும் கீழே கிடந்து இப்படித்தானே காட்டினான்.

6

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா கடைசி நாள்வரைக்கும் கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர், மூடிய பிறகு பெங்களூரில் செக்யூரிட்டி, இப்போது வீட்டில். இழுத்துத் தள்ளினதை மட்டும் சொன்னேன்.

"கல்லு வெடிச்சுதா?"

"இல்லப்பா."

டிவி சத்தத்தைக் குறைத்தார். "அப்ப நீ அவன அடிச்சிகீற" என்றார்.

"காப்பாத்தத்தான்பா இழுத்தேன்."

"வெடிச்சிருந்தா காப்பாத்துனது. வெடிக்கலன்னா அடிச்சது. கீழ அதான் கணக்கு."

அப்புறம் சொன்னார். சுரங்கத்துக்குள் பாறைச் சத்தம் நின்றால், பக்கத்தில் இருக்கிறவனை யாரையும் கேட்காமல் இழுத்துத் தள்ளலாம். பல்லு போனாலும் எலும்பு போனாலும் கேள்வி கிடையாது. மேஸ்திரியையே தள்ளலாம். ஆனால் பாறை வெடிக்காமல் போனால், மேலே வந்ததும் தள்ளினவன் அடிபட்டவன் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அவன் ஒரே ஒரு அடி அடிக்கலாம். இவன் தடுக்கக்கூடாது. அதற்குத் திருப்பு என்று பெயர். அடித்து முடித்ததும் ரெண்டு பேரும் டீ குடிக்கவேண்டும். அதோடு சரி, மனசில் வைத்துக்கொள்ளக்கூடாது. அப்பாவின் முன்பல் ஒன்று இல்லாததற்கு மாட்டு வண்டியிலிருந்து விழுந்த கதை ஒன்று இதுவரை சொல்லிவந்தார். அது ஒரு திருப்பில் போன பல்.

"இங்கெல்லாம் அப்படிப் போய் நிக்க முடியாதுப்பா. அவங்கிட்ட போவவே கூடாதுன்னு சட்டம்."

"சட்டம் இருக்கட்டும். தள்ளுனவன் திருப்பு வாங்கலன்னா இன்னா ஆவும் தெரியுமா? அடுத்த தபா சத்தம் நிக்கும்போது, தள்ளலாமா வேணாமான்னு யோசன வரும். அந்த யோசனதான் ஆள கொல்லும்." குரல் கரகரத்தது. "கையெட்ற தூரத்துலதான்டா இருந்தான்."

முப்பது வருஷமாக நாங்கள் கேட்ட வரி அது. அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தமானது. தம்பியைத் தள்ளாமல் ஒரு நொடி யோசித்திருக்கிறார் அப்பா. போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், அவருக்குக் கேட்காமல்.

7

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஃபேபியான் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை விசாரணை. யாராவது பார்த்தால் மிரட்டப் போனான் என்று இன்னொரு வழக்கு வரும். தெரிந்துதான் போனேன். கலா தடுக்கவில்லை, "மப்ளர போட்டுக்கினு போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கையில் கட்டோடு, ரொட்டிக்கடைப் பையைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். முகம் வெளுத்தது. நம்மைப் பார்த்து ஒருத்தன் பயப்படுகிறான் என்றால் ஊரில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். எனக்கு அன்றைக்கு அவமானமாக இருந்தது.

"நீ இங்கே வரக்கூடாது" என்றான்.

"தெரியும். ஒரு நிமிஷம்."

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் திருப்பைச் சொன்னேன். பயத்தில் அவனைப் போய் நீங்க வாங்க என்று மரியாதைப் பன்மையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி. கல் வெடிக்கவில்லை, அதனால் உங்களுக்கு ஒரு அடி பாக்கி, தயவுசெய்து அடியுங்கள் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"உனக்குப் பைத்தியமா?"

"எங்க ஊர்ல இதான் வழக்கம்."

"நான் ஆளை அடிக்கிறவன் இல்லை."

"அப்ப நான் போறேன்" என்றேன். ஆனால் போகவில்லை, நின்றேன். அவன் என்னைத் தாண்டி ரெண்டு எட்டு நடந்தான். பிறகு ரொட்டிப் பையை மதில்மேல் வைத்தான். திரும்பி வந்து இடது கையால் கன்னத்தில் அறைந்தான்.

பழக்கமில்லாத கை. பாதி காதில் பட்டது, காது கொய்ங்கென்றது. அவனுக்கே தூக்கிவாரிப்போட்டிருக்கும், கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரி, முடிந்தது என்று நான் பின்னால் கட்டிய கையைப் பிரிக்கப் போனேன். அவன் பிரிக்க விடவில்லை. முஷ்டியை மடக்கி இன்னொன்று விட்டான், வாயில். கீழுதடு, இடது ஓரம். நான் அவனைக் குத்திய அதே இடம்.

ரத்தம் உப்பாக நாக்குக்கு வந்தது. என் கை ரெண்டும் முன்னால் வரத் துடித்தன. ரயிலில், குழாயடியில், தெருவில் வளர்ந்த கை. பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றேன், விரல் நெரிந்தது. அவன் கண் கலங்கி இருந்தது. நான் குத்தியது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் புகாரில் எழுதவில்லை.

ரெண்டாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

8

திங்கட்கிழமை குழுவில் மூன்று பேர், நடுவில் தண்ணீர்ப் பாட்டில். ஃபேபியான் முதலில் பேசினான். கதவு ஸ்விட்சில் காந்தம் ஒட்டியது தான்தான், பாரத்தோடு திறந்ததும் தான்தான் என்றான். பேராசிரியையின் முகம் சிவந்தது. ஸ்விட்சை ஏமாற்றியது தெரிந்தும் நான் சும்மா இருந்தேன் என்று நானும் சொன்னேன்.

உதட்டுக் காயம் எப்படி என்று அவனிடம் கேட்டார்கள். "தரை" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். குத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் வந்திருந்தேன். அதற்குள் தலைவர் என் வீங்கிய உதட்டைப் பார்த்து, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

ஃபேபியானைப் பார்த்தேன். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் என் குத்து மட்டும் இல்லை, அவன் சனிக்கிழமை அடித்த ரெண்டும் வெளியில் வரும்.

"தரை" என்றேன்.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எதையும் எழுதவில்லை. கடைசியில் எனக்கு எச்சரிக்கை, அவனுக்கும் எச்சரிக்கை. ரெண்டு பேரும் கொஞ்ச காலத்துக்கு இயந்திரத்தைத் தொடக்கூடாது, உட்கார்ந்து கணக்குப் போடுகிற வேலை மட்டும். ஒப்பந்தம் போகவில்லை. வெளியில் வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

9

அன்று சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார்.

"போயி நின்னியா?"

"நின்னேன்."

"அடிச்சானா?"

"அடிச்சான்பா. ரெண்டு."

"ரெண்டா? திருப்பு ஒண்ணுதான."

நான் பேசவில்லை. அவருக்கு அது போதும், அவர் பெற்ற பிள்ளைதானே நான். "தள்ளுனதுக்கு அப்பறம் நீ இன்னா பண்ண?" என்றார்.

"ஒரு குத்து."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. சுரங்கத் தூசி குடித்த நெஞ்சு, இழுத்து இழுத்துத்தான் வரும். "இங்க இருந்தா மூணாவது நான் குடுத்திருப்பேன்" என்றார். அப்புறம், "டீ குடிச்சீங்களா?"

"இல்லப்பா. அவன் உள்ள போயிட்டான்."

"அப்ப இன்னும் முடியல. போய் டீ குடிங்கடா ரெண்டு பேரும்." போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கலா போட்ட டீயை பிளாஸ்கில் ஊற்றி, ரெண்டு டம்ளரோடு எடுத்துக்கொண்டு போனேன். ஃபேபியான் அறையில் தனியாக இருந்தான். அவன் மேஜையில், காகிதங்கள் பறக்காமல் இருக்க, அந்தக் கல்லை வைத்திருந்தான். கீறல்கூடத் தெரியவில்லை. நான் டீயை ஊற்றி நீட்டிக்கொண்டு நின்றேன், டம்ளர் கையைச் சுட்டது.

அவன் என்னைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். பிறகு இடது கையால் கல்லை ஓரமாகத் தள்ளி டீக்கு இடம் விட்டான்.